கோழி கேமில இடது மேல் மூலைக்குப் போனா சுடுறது நிண்டுபோகுது, எனக்கு மட்டுமா?

விசுவமடுப்_பெடியன் | திங்கள் இரவு 8:12

எல்லாருக்கும் வணக்கம். விசயம் சின்னன்தான், ஆனா மூண்டு நாளா மண்டை காயுது. நான் வேலை செய்யிற போன் திருத்திற கடையில பழைய கொம்பியூட்டர் ஒண்டு நிக்குது, பின்னேரம் ஆக்கள் குறைஞ்சா நானும் முதலாளியின்ர மகனும் கோழி கேம் அடிப்பம், அதுதான் சிக்கன் இன்வேடர்ஸ், ரெண்டாவது பாகம். புளூட்டோவில வெளிக்கிட்டு ஒவ்வொரு கோளாப் பிடிச்சு சூரியன் மட்டும் போகோணும். நான் சனியைத் தாண்டினதே இல்லை.

கை ஏலாமல் எண்டா பரவாயில்லை. கப்பல் இடப்பக்கம் மேல சரிவாப் போகேக்க சுடுறது நிண்டிடுது, ஸ்பேஸ் பாரைத் தட்டினாலும் சரி அமத்திப் பிடிச்சாலும் சரி ஒண்டும் வராது. வலப்பக்கம் மேல போனா தங்கமாச் சுடுது. கேமைக் கழட்டித் திரும்பப் போட்டுப் பாத்தன், வைரஸ் இருக்கோ எண்டும் பாத்தன். ஒண்டுமில்லை. ஆருக்கும் இப்பிடி நடந்ததோ?

கச்சான்சுருள் | திங்கள் இரவு 8:20

இடப்பக்கம் முழுக்க நாட்டுக்கோழியடா, பாவம் எண்டு துவக்கே சுடுதில்லை

முள்ளியவளை_மவுஸ் | திங்கள் இரவு 8:31

அண்ணை கீபோட்டில ஆர் இப்ப விளையாடுறது? மவுஸைப் பிடியுங்கோ. நான் ஓஎல் சோதினை எடுத்திட்டு சும்மா இருந்த மூண்டு மாசத்தில மவுஸால சூரியன் மட்டும் போய் கேமையே முடிச்சிட்டன்.

மாங்குளம்83 | திங்கள் இரவு 8:44

மவுஸால முடிச்சதை வெளியில சொல்லாத தம்பி. வலை போட்டு குளத்து மீனை அள்ளிப்போட்டு தூண்டில்ல பிடிச்சனான் எண்டு சொல்ற மாதிரிக் கிடக்கு. மவுஸைச் சரக்கெண்டு இழுத்தா கப்பலும் இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் பாயும், கீபோட்டில கப்பலுக்கு ஒரு வேகம் இருக்கு, அதை வச்சுத்தானே குண்டுக்கு ஆயத்தமா நிக்கிறது.

முள்ளியவளை_மவுஸ் | திங்கள் இரவு 8:47

வலையோ தூண்டிலோ அண்ணை, கறி ஒண்டுதான்

குளக்கட்டு | திங்கள் இரவு 9:30

விசுவமடுத் தம்பி, உங்கட கேமிலயும் பிழை இல்லை கையிலயும் பிழை இல்லை, கீபோட்டிலதான். நான் கிளிநொச்சியில இந்தச் சாமான்கள் திருத்திறனான், தேத்தண்ணி ஊத்துப்பட்ட கீபோட், எறும்பு கூடுகட்டின கீபோட் எண்டு கிழமைக்கு ரெண்டு வரும். மலிவுக் கீபோட் ஒண்டைக் கழட்டிப் பாருங்கோ, உள்ளுக்குக் கண்ணாடி மாதிரி மூண்டு பிளாஸ்ரிக் தாள் கிடக்கும். மேல் தாளிலயும் கீழ்த் தாளிலயும் வெள்ளிக் கோடு ஓடும், நடுத் தாளில ஓட்டை மட்டும். நீங்கள் ஒரு கீயை அமத்தினா அந்த ஓட்டைக்குள்ளால மேல் கோடும் கீழ்க் கோடும் முட்டும், அவ்வளவுதான் விசயம்.

நூறு கீக்கு மேல இருக்கு, ஒவ்வொண்டுக்கும் தனி வயர் இழுத்தா கட்டுபடியாகாது. அதால வயல் வரம்பு மாதிரி குறுக்கையும் நெடுக்கையும் கோடு போட்டு, எந்தக் குறுக்கு எந்த நெடுக்கோட முட்டுது எண்டு பாத்துத்தான் எந்தக் கீ எண்டு கண்டுபிடிக்கும். ஒண்டு ரெண்டு கீ எண்டா பிரச்சினை இல்லை. மூண்டு கீ ஒரே நேரம் அமத்தி அந்த மூண்டும் ஒரு பெட்டியின்ர மூண்டு மூலையா அமைஞ்சா, நாலாவது மூலையும் அமத்தியிருக்கோ இல்லையோ எண்டு அதுக்கு விளங்காது. விளங்காட்டி பிழையா ஒண்டை எழுதாமல் மூண்டாவது கீயை விட்டிடும். உங்கட கீபோட்டில இடது, மேல், ஸ்பேஸ் மூண்டும் அந்தப் பெட்டியில விழுந்திட்டுது. கன கீபோட்டில இந்த மூண்டுதான் மாட்டுப்படும்.

நம்பிக்கை இல்லாட்டி நோட்பேட்டைத் திறந்து, ரெண்டு பக்க ஷிப்டையும் அமத்திப் பிடிச்சுக்கொண்டு மற்ற விரலால ஏதும் அடிச்சுப் பாருங்கோ, சில எழுத்து வராமல் பல்லு விழுந்த மாதிரி இருக்கும்.

மருந்து லேசு. சுடுற கீயை கொன்ட்ரோலுக்கோ ஷிப்டுக்கோ மாத்துங்கோ. அதுகள் மற்றக் கீயோட சேத்து அமத்துறதுக்கெண்டே இருக்கிற கீ, அதால அதுகளுக்குக் கோட்டை ஒதுக்கி விட்டிருப்பாங்கள். காசு போட்டு விளையாடுற பழைய ஆர்கேட் மெசின் கேமுகளை கொம்பியூட்டரில ஓட விடுற மேம் எண்ட சொப்ட்வெயரிலயும் சுடுற கீ இடப்பக்கக் கொன்ட்ரோல்தான், ஸ்பேஸ் இல்லை.

விசுவமடுப்_பெடியன் | திங்கள் இரவு 9:52

அண்ணை நீங்கள் மனிசனே இல்லை. இப்ப செய்து பாத்தன். இடதையும் மேலையும் அமத்திக்கொண்டு ஸ்பேஸைத் தட்டினா ஒண்டுமில்லை. கொன்ட்ரோல் எண்டா தடதடவெண்டு போகுது. மூண்டு நாளா என்ர விரலைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்.

மாங்குளம்83 | திங்கள் இரவு 10:25

தடதடவெண்டு போறதால கோழி சாகும் எண்டு நினைக்காத தம்பி. இதில எனக்கு ஒரு கதை இருக்கு, நீளம், கேட்கிறவன் கேள்.

2002இல சமாதான நேரம் ஏ9 றோட்டு திறந்தாப் பிறகு, எங்கட பெரியம்மாவின்ர மகன் வவுனியாவில இருந்து ரிவி கேம் ஒண்டு கொண்டந்தவன். மஞ்சள் கசெற், மேல 9999999 எண்டு போட்டிருந்தது, எண்ணிப் பாத்தா இருபது முப்பது கேம்தான், மிச்சமெல்லாம் அதே கேம் வேற பேரில திரும்பத் திரும்ப வரும். எங்களிட்டக் கரண்ட் எங்க? ஊரில ஏதும் விசேசம் எண்டா ரிவி, டெக், ஜெனரேற்றர் எல்லாம் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓடும் தெரியும்தானே. மூண்டாவது படம் முடியேக்க கிழடு கட்டையெல்லாம் பாயில சரிஞ்சிடும், ஜெனரேற்றருக்குள்ள கொஞ்சம் எண்ணெய் மிச்சம் கிடக்கும். அந்த மிச்ச எண்ணெய்தான் எங்கட கேம் நேரம். ஆருக்கு எத்தினை நிமிசம் எண்டு அடிபாடு.

நாங்கள் விளையாடினது கேலகா. கீழ ஒரு கப்பல், இடம் வலம் மட்டும்தான் போகும், மேல பூச்சிக் கூட்டம் வளைஞ்சு வளைஞ்சு வந்து வரிசை கட்டும். எல்லாரும் பட்டனைக் குத்து குத்தெண்டு குத்துவாங்கள், பட்டன் ரப்பரே தேஞ்சு போச்சு. எங்கட சின்ன மாமா ஒராள் மட்டும் பட்டனை ஆறுதலா, கோழிக்கு நெல்லுப் போடுற மாதிரி ஒண்டு ஒண்டா அமத்துவார். அவற்ற ஸ்கோரை ஒருத்தராலயும் தொட ஏலாது. களவு செய்யிறார் எண்டு சண்டையும் பிடிச்சனாங்கள். கனகாலத்துக்குப் பிறகுதான் காரணம் பிடிபட்டது. கேலகாவில உன்ர குண்டு ஒரு நேரத்தில ஸ்கிரீனில ரெண்டுதான் நிக்கலாம். ரெண்டும் பிழைச்சா அது மேல போய் மறையுமட்டும் நீ எத்தினை குத்துக் குத்தினாலும் மூண்டாவது வராது. பட்டா உடன கை நிரம்பிடும். அப்ப ஆர் கெதியாச் சுடுறது? பிழைக்காமல் சுடுறவன். மாமாவுக்கு இந்தக் கணக்கு ஒண்டும் தெரியாது, சும்மா வெடியை வீணாக்கக் கூடாது எண்டு நினைச்சிருப்பார்.

முள்ளியவளை_மவுஸ் | திங்கள் இரவு 10:33

ரெண்டு குண்டா??? அப்ப நான் போனில கேலகா அடிக்கேக்க ஏதோ ஹாங் ஆகுது எண்டெல்லோ நினைச்சனான்

குளக்கட்டு | திங்கள் இரவு 10:50

83 அண்ணை சொன்னது சரி. 1978இல வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எண்ட கேமில இன்னும் மோசம், ஒரேயொரு குண்டுதான். பிழைச்சா அது உச்சிக்குப் போகுமட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிக்கோணும்.

அதில இன்னொரு வடிவான விசயம் இருக்கு. அஞ்சு வரிசை, வரிசைக்கு 11, மொத்தம் 55 எதிரி ஆக்கள் வருவினம். அந்தக் காலத்துச் சிப்புக்கு எல்லாரையும் ஒண்டா நகர்த்திற தெம்பு இல்லை, அதால ஒரு பிரேமுக்கு, அதாவது ஸ்கிரீனில படம் ஒருக்கா மாறுறதுக்கு, ஒராளைத்தான் நகர்த்தும். செக்கனுக்கு 60 பிரேம், அப்ப 55 பேரும் ஒரு அடி வைக்க கிட்டத்தட்ட ஒரு செக்கன். நீ சுடச் சுட ஆள் குறையும், சுற்று கெதியா முடியும், கடைசி ஆள் ஒவ்வொரு பிரேமும் ஓடுவான், அந்த விசர் ஓட்டம் இப்பிடித்தான் வந்தது. செய்த ஆள் தோமோஹிரோ நிஷிகாதோ, ஜப்பான்காரன், சிப்பின்ர இயலாமையைக் கண்டிட்டு அது நல்லாத்தானே இருக்கு எண்டு அப்பிடியே விட்டிட்டார். பிறகு வந்த எல்லாரும் கஷ்டப்பட்டு வேணுமெண்டே அந்த வேகத்தை வைக்கிறாங்கள்.

கச்சான்சுருள் | திங்கள் இரவு 10:58

ஆள் குறையக் குறைய மிச்ச ஆள் கூட ஓட வேண்டிக் கிடக்கு, எங்கட அருவி வெட்டு மாதிரி

பாலைப்பழம் | செவ்வாய் காலை 6:40

83 அண்ணா, மாமா அந்த ரெண்டு கப்பலைச் சேக்கிற வித்தை செய்தவரோ? எங்கட வீட்டில எனக்கும் தம்பிக்கும் இந்தச் சாதிக் கேமால பெரிய சண்டை வந்தது.

மாங்குளம்83 | செவ்வாய் காலை 7:15

அதை முதல் முதல் கண்டது ஒரு மறக்கேலாத இரவு தங்கச்சி. மேல் வரிசையில நிக்கிற பெரிய பச்சைப் பூச்சி இறங்கி வந்து விசிறி மாதிரி வெளிச்சம் பாச்சும், அதுக்குள்ள மாட்டினா கப்பலை இழுத்துக்கொண்டு போயிடும். நாங்கள் இவ்வளவு நாளும் போனது போனதுதான் எண்டு இருந்தம். அண்டைக்கு மாமா சுடேக்க அந்தப் பெரியவன் பிடிச்ச கப்பலையும் கூட்டிக்கொண்டு கீழ பாஞ்சு வாறான், அவனுக்கு ரெண்டு அடி வேணும், முதல் அடிக்கு நிறம் மாறும், ரெண்டாவதுக்குப் பொடி. பொடியானான். பாத்தா எங்கட கப்பல் சுழண்டு சுழண்டு இறங்கி வந்து பக்கத்தில ஒட்டுது! ரெண்டு கப்பல், சோடிச் சோடியாக் குண்டு. ஒருத்தருக்கும் மூச்சு வரேல்லை.

அந்த நேரம் பாத்து எண்ணெய் முடியுது. ஜெனரேற்றர் இருமத் தொடங்க ரிவிப் படம் ரெண்டு பக்கத்தாலயும் சுருங்கும் தெரியுமோ, பழைய ரிவி எல்லாம் அப்பிடித்தான், கரண்ட் விழ விழ கறுப்புக் கரை உள்ளுக்கு வரும். மாமா அந்தச் சுருங்கின படத்துக்குள்ளயும் விடாமல் சுட்டுக்கொண்டு இருக்கிறார். பிறகு ஒரு பொட்டு. பிறகு அதுவும் இல்லை.

வரிசையில நிக்கேக்க அந்தப் பெரியவனைச் சுடாதேங்கோ, அவன் பாஞ்சு வரேக்கதான் சுடோணும், இல்லாட்டி பிடிபட்ட கப்பல் அவங்கட பக்கம் சேந்து உங்களுக்கே அடிக்கும். கடைசிக் கப்பலைப் பிடிக்கக் குடுத்தா கேம் முடிஞ்சுது, மீட்க ஆள் இல்லை.

மல்லாவி_ஸ்காபரோ | செவ்வாய் காலை 7:50

இங்க கனடாவில இரவு, நித்திரை வரேல்லை, இந்த இழை வாசிச்சு சிரிச்சுக்கொண்டு இருக்கிறன். விசுவமடுத் தம்பி, கொன்ட்ரோல் கீ மாத்தியும் சனி தாண்டேலாட்டி ஒண்டு சொல்லட்டோ. நீங்கள் எங்க பாக்கிறீங்கள்? பெரிய கோழியைப் பாக்கிறீங்கள், என்ன? எல்லாரும் அப்பிடித்தான். கப்பலையும் பாக்கக் கூடாது. கப்பலுக்கு மேல ஒரு சாண் வெறும் இடத்தைப் பாருங்கோ, வாற குண்டு அதுக்குள்ளாலதான் வரோணும்.

மற்றது, குண்டு ரெண்டு சாதி. ஒண்டு நீங்கள் எங்க நிண்டாலும் தன்ர பாட்டில விழுறது. மற்றது நீங்கள் நிக்கிற இடத்தைக் குறி வச்சு விடுறது. குறி வைக்கிற குண்டுக்கு ஓடக் கூடாது. எங்கட அப்பா மாட்டைக் கொண்டு போகேக்க முன்னால மெல்ல நடப்பார், மாடு பின்னால வரும், அவர் ஓடினா மாடும் வெருண்டு நாலு பக்கமும் ஓடும். அதே கணக்கு. ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்கு ஒவ்வொரு தட்டா மெல்ல நகருங்கோ, குண்டெல்லாம் நீங்கள் விட்ட இடத்தில வந்து வரிசையா விழும். கரை கிட்ட வந்ததும் ஒருக்காப் பெரிசாப் பாஞ்சு ஒரு இடைவெளி உண்டாக்கி, அதுக்குள்ளால திரும்பி வாங்கோ.

இங்க பழைய ஆர்கேட் மெசின் வச்சிருக்கிற ஒரு இடத்தில டோடொன்பாச்சி எண்ட கேம் அடிச்சனான், கேவ் எண்ட கொம்பனி செய்தது, 1997இல வந்தது. ஸ்கிரீன் முழுக்க ஊதாக் குண்டு, மழைக்கு ஈசல் கிளம்பின மாதிரி. முதல் நாள் ஒரு நிமிசம் நிக்கேலாமல் போச்சு. பிறகுதான் விளங்கினது, கப்பல் பெரிசாத் தெரிஞ்சாலும் அடி படுற இடம் நடுவில சின்னத் துண்டுதான். செட்டையில குண்டு உரசிக்கொண்டு போகும், ஒண்டும் ஆகாது. பட்டனை அமத்திப் பிடிச்சா லேசர் வரும், கப்பலும் மெதுவாகும், இடுக்குக்குள்ளால போறதுக்கு அந்த மெதுதான் வேணும். கெதியான கேம் எண்டு பேர், உள்ளுக்கு மெல்ல நகரத் தெரிஞ்சவன்தான் தப்புவான்.

முள்ளியவளை_மவுஸ் | செவ்வாய் பகல் 1:10

சரி ஸ்காபரோ அண்ணை நான் மவுஸை மெல்ல இழுத்துப் பாத்தன். ஓம். உண்மைதான். ஆனா மவுஸ் களவு எண்டதை இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டன்.

பாலைப்பழம் | செவ்வாய் பின்னேரம் 5:35

எங்கட சண்டையை நான் இன்னும் சொல்லேல்லை. நானும் தம்பியும் போனில இந்தச் சாதிக் கேம்தான் விளையாடுறது, பள்ளிக்கூடத்தில படிப்பிச்சிட்டு வந்தா எனக்கு இருபது நிமிசம் இது வேணும். தம்பி சொல்லுவான், அக்கா நீ சத்தம் இல்லாமல் விளையாடுறாய், அதான் உனக்கு வேகம் பத்தாது எண்டு. உண்மைதான், இதுகளில சத்தமும் ஒரு பாதி. ஸ்பேஸ் இன்வேடர்ஸில நாலு சுரம் டும் டும் எண்டு இறங்கிக்கொண்டு இருக்கும், அவங்கள் கெதியாக அதுவும் கெதியாகும், நெஞ்சும் அதோட சேந்து அடிக்கும்.

ஆனா எங்கட வீட்டில சத்தம் போடேலாது. அம்மாவுக்கு அந்த மேல இருந்து கீழ இறங்கிற கீச்சுச் சத்தம் ஆகாது. குண்டு வெடிக்கிற சத்தம் கூடப் பரவாயில்லை எண்டுவா, வாற சத்தம்தான். ஒருக்கா தம்பி ஹெட்போன் கழண்டது தெரியாமல் விளையாடிக்கொண்டு இருக்க, குசினிக்குள்ள தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவ திருவலையை விட்டிட்டு எழும்பி வந்து, ஒண்டும் சொல்லாமல் போனை வாங்கிக் கவிழ்த்து வச்சிட்டுப் போனா. அண்டைக்குப் பிறகு எங்கட போனில கேமுக்குச் சத்தமே இல்லை.

சத்தம் இல்லாமல் பழகினதால எனக்குக் கண் கூடுது எண்டு நினைக்கிறன், இப்ப தம்பியை விட எனக்குத்தான் ஸ்கோர். அதான் சண்டை.

மாங்குளம்83 | செவ்வாய் பின்னேரம் 6:02

ஓம் தங்கச்சி. எங்கட வீட்டிலயும் சத்தம் இல்லைதான்.

விசுவமடுப்_பெடியன் | செவ்வாய் இரவு 9:05

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்குச் சனி தாண்டி, வியாழன் தாண்டி, செவ்வாய் மட்டும் போனன்!!! ஆனா ஒரு கூத்து நடந்தது. கொன்ட்ரோல் சின்ன விரலுக்கு நோகுது எண்டு சுடுறதை ஷிப்டுக்கு மாத்தினன், குளக்கட்டு அண்ணை ரெண்டும் சரி எண்டவர்தானே. பொஸ் கோழி வாறா, நான் ஷிப்டை டக்கு டக்கெண்டு தட்டுறன், கேம் அப்பிடியே கீழ போய் ஒரு பெட்டி வந்து நிக்குது, ஸ்ரிக்கி கீஸ் வேணுமோ எண்டு கேட்குது. திரும்பிப் போய்ப் பாத்தா கப்பல் இல்லை, கோழி மட்டும் நிக்குது.

கச்சான்சுருள் | செவ்வாய் இரவு 9:08

😂😂😂 கோழி கேட்டிருக்கும் தம்பி எங்க போட்டு வாறாய் எண்டு

குளக்கட்டு | செவ்வாய் இரவு 9:40

ஐயோ அது என்ர பிழை, சொல்ல மறந்திட்டன். விண்டோஸில ஷிப்டை அஞ்சு தரம் தொடர்ந்து தட்டினா அந்தப் பெட்டி வரும். ரெண்டு கையாலயும் சேத்து அமத்தேலாத ஆக்களுக்கு, ஒண்டொண்டா அமத்தச் செய்து வச்ச வசதி அது. செற்றிங்கில போய் நிப்பாட்டலாம், இல்லாட்டி கொன்ட்ரோலிலயே இருங்கோ. சின்ன விரல் நோகுது எண்டா கையைக் கொஞ்சம் திருப்பி நடுவிரலால அமத்துங்கோ. மேசை ஓரத்தில மணிக்கட்டைக் குத்தி வைக்காதேங்கோ.

மற்றவைக்கும் ஒண்டு, ஆரும் புது எல்ஈடி ரிவியில பழைய ரிவி கேமைக் குத்தி விளையாடினா கப்பல் பிந்தித்தான் அசையும். படத்தை வடிவாக்கிறன் எண்டு ரிவி கொஞ்ச நேரம் வச்சிருந்துதான் காட்டும். ரிவியில கேம் மோட் எண்டு இருந்தா போடுங்கோ, முழுக்கப் போகாது, குறையும். பழைய குண்டு ரிவி இருந்தா எறியாதேங்கோ.

மாங்குளம்83 | செவ்வாய் இரவு 9:52

குண்டு ரிவி எங்களிட்ட கோழிக்கூட்டுக்கு மேல கிடக்கு, மழைத்தண்ணி உள்ளுக்குப் போகாமல் இருந்தாச் சரி. ஜொய்ஸ்டிக் ஒண்டு போன மாசம் ஒன்லைனில எடுப்பிச்சனான், படத்தில இரும்புத் தண்டு, வந்தது பிளாஸ்ரிக் தண்டு, வலது பக்கம் அசையவே இல்லை. திருப்பி அனுப்பச் சொன்னாங்கள், அனுப்பிற காசு சாமான் காசிலயும் கூட. மகள் இப்ப அதை மாப் பிசையிற விளையாட்டுக்கு வச்சிருக்கிறாள்.

விசுவமடுப்_பெடியன் | புதன் இரவு 7:48

கடைசியா ஒரு கேள்வி. முதலாளியின்ர மகனும் நானும் ரெண்டு பேரா ஒரே கீபோட்டில அடிச்சா, அவன் சுடேக்க என்ர கப்பல் நிக்குது. வேணுமெண்டு செய்யிறான் எண்டு நான், என்னைக் கள்ளன் எண்டு அவன். இதுவும் அந்தப் பெட்டிக் கணக்கோ அண்ணை?

குளக்கட்டு | புதன் இரவு 8:20

அதேதான். இன்னொரு கீபோட் இருந்தா யூஎஸ்பியில குத்துங்கோ. விண்டோஸ் ரெண்டையும் ஒண்டா எடுக்கும், ஆனா உள்ளுக்குக் கோடு வேற வேற, ஆளை ஆள் மறிக்கேலாது. பழையதும் காணும், அம்புக்குறியும் கொன்ட்ரோலும் வேலை செய்தாச் சரி.

விசுவமடுப்_பெடியன் | புதன் இரவு 9:31

கடைப் பெட்டிக்குள்ள ஒண்டு கிடந்தது, சிங்கள எழுத்து ஒட்டினது, எஃப் கீயும் எண்டரும் இல்லை. குத்தினன். வேலை செய்யுது. ஒரு குறையும் சொல்ல ஏலாமல் அவன் என்னட்டத் தோத்தான். தோத்தவன் முறிகண்டியில இறங்கிக் கச்சான் வாங்கித் தரோணும் எண்டுதான் பந்தயம், ரெண்டு பை.

கச்சான்சுருள் | புதன் இரவு 9:33

மூண்டு பை. நானும் இந்த இழையிலதானே இருந்தனான்